நரேலாவிலிருந்து ஏழரை மணிக்குள்

திங்கள், காலை 6.40. சென்னையில் ஏறி இரண்டு இரவுகள் கழித்து, புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கினேன். பிப்ரவரி மூன்றாம் வாரம். ஆத்தூரில் விசிறி போட ஆரம்பித்துவிட்டோம். இங்கே எல்லோரும் குளிருக்குக் காதை மூடியிருந்தார்கள். என்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை. வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தாள் பூங்கொடி. அவள் என் சித்தி மகள், என்னைவிட ஆறு வயது சின்னவள். கல்யாணமாகி தில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் இறங்கிய அந்த நேரத்தில் அவள் வேலைக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு மெட்ரோ பெட்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நேரா மெட்ரோவுக்கு வந்துடுக்கா. மஞ்சள் லைன். சமய்ப்பூர் பாத்லின்னு கடைசி ஸ்டேஷன். அது வரைக்கும் எறங்கவே எறங்காத. அங்க அவரு நிப்பாரு" என்று போனில் சொன்னாள். அவர் என்றால் அவள் கணவர் செல்வம்.

பயணச்சீட்டு நாற்பத்து மூன்று ரூபாய். முப்பத்தைந்து நிமிஷத்தில் கடைசி நிலையம் வந்துவிட்டது. இவ்வளவுதானா தில்லி என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். செல்வம் இரவுக் காவல் வேலை முடித்த உடுப்போடு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வீடு பக்கத்துலதானுங்களா?" என்றேன்.

"இனிமேதாங்க தூரம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அங்கிருந்து நரேலா பதின்மூன்று கிலோமீட்டர். பேருந்துக்கு இருபத்தைந்து நிமிஷம் காத்திருந்தோம். தில்லியில் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் கிடையாது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டைக் கிழித்துத் தந்தார்கள். லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போனதில் ஒரு மணி நேரம். இறங்கிய இடத்திலிருந்து பத்து நிமிஷ நடை. புது தில்லியில் நான் இறங்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் வீட்டுப் படியில் கால் வைத்தேன். ஆத்தூரிலிருந்து சேலம் போய் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

நரேலா தில்லியின் வடகோடி. சாலையின் ஒரு பக்கம் வரிசை வரிசையாக நான்கு மாடிக் கட்டடங்கள், எல்லாம் ஒரே நிறம். மறுபக்கம் கடுகு வயல், பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அதற்கப்பால் கிடங்குகள். பூங்கொடி குடும்பம் பல வருஷம் தெற்கு தில்லியில் ஒரு கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியில் இருந்தது. அந்த இடம் காலி செய்யப்பட்டபோது இங்கே வீடு கொடுத்தார்கள். ஒன்பது மாதம் ஆகிறது. நான்காவது மாடி, ஒரு அறை, கூடம், சமையலறை, தனிக் குளியலறை. சுவர் நல்ல சுவர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மகள் நந்தினிக்குப் படிக்க ஒரு மேசை இருந்தது. பழைய வீட்டை நான் போட்டோவில் பார்த்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் இது அரண்மனை. செல்வத்துக்கும் இங்கேயே ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் பூங்கொடி சமையல் வேலை பார்த்த மூன்று வீடுகளும் ஜங்க்புராவில், பழைய வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தவை. இப்போது அவை முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன.

மாலை 6.45. பூங்கொடி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.

நந்தினி பத்தாம் வகுப்பு. தில்லியிலேயே பிறந்தவள். "பெரியம்மா, அம்மா டெய்லி லேட் ஆகுறா. மேடம்ஜி குஸ்ஸா ஆகுறாங்க" என்றாள். கோபத்துக்கு அவளுக்குத் தமிழில் சொல் வரவில்லை. ஆனால் அம்மாவின் மேல் போர்வையைப் போர்த்தும்போது சத்தமே வராமல் போர்த்தினாள்.

விஷயம் இதுதான். மூன்று வீடுகளில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இருப்பது பதினெட்டு வருஷமாகக் காலையும் சாயங்காலமும் சமைக்கும் வீடு. அந்த வீட்டம்மா வேலைக்குப் போகிறவர். அவர் மகளுக்கு 7.40க்குப் பள்ளி வண்டி. ஏழரைக்குள் டிபன் டப்பா கட்டியாக வேண்டும். பூங்கொடி போய்ச் சேருவதோ எட்டுக்கு, சில நாள் எட்டேகாலுக்கு. அந்த அம்மா ஒன்பது மாதம் பொறுத்துவிட்டு, போன வாரம் சொல்லிவிட்டார்: இந்த மாதம் வரை பார்க்கிறேன், அப்புறம் வேறு ஆள்தான்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் சித்தி என்னை அனுப்பினார். "நீ நேர்ல போய்ப் பாரு. முடியலைன்னா அவளையும் புள்ளையையும் கையோட கூட்டிட்டு வந்துடு. செல்வம் அப்புறம் வரட்டும்." நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

செவ்வாய், அதிகாலை 4.15. குக்கர் விசில் கேட்டு எழுந்தேன். நந்தினிக்கும் செல்வத்துக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் இறங்கினோம். என் கண்ணால் பார்க்காமல் சித்தியிடம் என்ன சொல்வது? அதனால் கூடவே போனேன்.

முதல் பேருந்து 5.35. அதற்கு முன்னால் கிடையாது. நிறுத்தத்தில் ஏற்கெனவே இருபது பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது என்றாள் பூங்கொடி. பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. 6.25க்கு பாத்லி. மெட்ரோ நிலையம் உயரத்தில் இருக்கிறது. நடைமேடையில் நின்றபோது கீழே ஒரு ரயில் போனது. அதன் வாசல்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள்.

"அது எங்க போற வண்டி?"

"பானிப்பத்லருந்து வருதுக்கா. டெய்லி வேலைக்குப் போறவங்க வண்டி. நம்ம நரேலா வழியாத்தான் வருது."

"நரேலாவுல ஸ்டேஷன் இருக்குதா?"

"இருக்குது. நிஜாமுதீனுக்கே நேரா போற வண்டியும் ஒண்ணு இருக்குதாம். அங்கருந்து மேடம்ஜி வீட்டுக்கு நடந்தே போயிரலாம்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏண்டி இந்தப் பாடு?"

மெட்ரோ வந்தது; ஏறினோம்; பெண்கள் பெட்டியில் ஒரு மூலையில் நின்றோம். மூன்று நிலையம் தாண்டிய பிறகு சொன்னாள்.

வீட்டிலிருந்து நரேலா ரயில் நிலையம் ஏழு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் எந்த வண்டியும் போகாது. அக்டோபரில் ஒருநாள் துணிந்து நடந்தே போகலாம் என்று நாலேகாலுக்குக் கிளம்பினாள். கிடங்குகள் ஆரம்பிக்கும் இடத்தில் விளக்கு இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், அவளைத் தாண்டிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் பின்னால் மெதுவாக வந்தார்கள். "பேசல, தொடல. சிரிச்சாங்க, அவ்ளோதான். நான் ஓடுனேன்க்கா. ஒரு கிடங்கு வாசல்ல வாட்ச்மேன் கூண்டு இருந்துச்சு, அதுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டேன். விடியற வரைக்கும் வெளிய வரல." அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது வீடு போனது அன்றைக்குத்தான். செல்வத்திடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் காவல் வேலையை விட்டுவிட்டு அவளைக் கொண்டுவிட வருவார். இருக்கிற ஒரு நிச்சயமான சம்பளமும் போகும்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்திய செயலகம் நிலையத்தில் வண்டி மாறி, ஜங்க்புராவில் இறங்கி, கால் மணி நேரம் ஏறக்குறைய ஓடி, அந்த வீட்டு மணியை அடித்தபோது 7.52. ஆளுக்கு ஐம்பத்து நான்கு ரூபாய் மெட்ரோவுக்கு. வீட்டம்மாவே கதவைத் திறந்தார். சுடிதார் மேல் ஸ்வெட்டர், கையில் கார் சாவி. மகள் ரொட்டித் துண்டில் ஜாம் தடவி எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அவர் கத்தவில்லை. பூங்கொடி உள்ளே போனதும் என்னிடம் இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார்: "என் மகளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் இவள். எனக்கு மட்டும் இவளை அனுப்ப ஆசையா? நானும் எட்டுக்குக் கிளம்பியாக வேண்டுமே, என்ன செய்ய?" கெட்டவர் என்று யாராவது ஒருவர் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி சித்திக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராக வருவோம் போல இருக்கிறது என்று சொன்னேன். பூங்கொடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுக்கவில்லை. மாவு பிசைந்துகொண்டே, "ஊர்ல நான் என்னாக்கா பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

புதன், பகல் 11 மணி. பூங்கொடி வேலைக்குப் போயிருந்தாள். செல்வம் தூங்கி எழுந்ததும், ரயில் நிலையத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அக்டோபர் கதையைச் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. வாசலில் ஒரு இ-ரிக்‌ஷா நின்றது. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. பின்னால் நான்கு பேர் எதிரெதிராக உட்காரலாம், ஓட்டுநர் பக்கத்தில் இன்னொருவர் ஒடுங்கலாம். ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் பெயர் ராம்பால். ஐம்பது வயதிருக்கும், மீசையில் பாதி வெள்ளை. ஏழு கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது.

நரேலா ரயில் நிலையம் சின்னது. வேப்பமரம், சிமெண்ட் பெஞ்சு, டீக்கடை. நம் ஊர்ப் பக்கத்து நிலையம் மாதிரியே இருந்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் செல்வம் விசாரித்தார். காலை 5.42க்கு ஒரு வண்டி, நிஜாமுதீன் வரை. பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. கட்டணம் பத்து ரூபாய். மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் குறைவு. நான் இரண்டாவது முறையும் கேட்கச் சொன்னேன். பத்து ரூபாய்தான்.

திரும்பி வரும்போது செல்வம் ராம்பாலை அண்ணன் முறையில் கூப்பிட்டு இந்தியில் கேட்டார்: "பையா, காலை ஐந்து மணிக்கு எங்கள் வாசலுக்கு வருவீர்களா?"

"ஐந்து மணிக்கா? நான் வண்டி எடுப்பதே ஏழுக்குத்தான்."

"தினமும் ஆள் இருந்தால்?"

ராம்பால் ஒரு கையால் மீசையைத் தடவிக் கணக்குப் போட்டார். பிறகு, "ஐந்து சவாரி வேண்டும். தினமும். ஒருநாள் இரண்டு பேர், மறுநாள் ஒருவர் என்றால் எனக்குக் கட்டாது. ஐந்து பேர் நிச்சயம் என்றால் ராத்திரியே சார்ஜ் போட்டு வைக்கிறேன்" என்றார்.

மாலை ஏழு மணிக்கு பூங்கொடி வந்ததும் சொன்னோம். அவள் முகம் பிரகாசமாகும் என்று எதிர்பார்த்தேன். அவள் பயந்தாள். "அஞ்சு பேருக்கு நான் எங்கக்கா போவேன்? இங்க யாரையும் எனக்குத் தெரியாதே."

"பஸ் ஸ்டாப்புல தினம் இருபது பேர் நிக்கிறாங்க."

"நிக்கிறாங்க. ஒன்பது மாசமா ஒரே படிக்கட்டுல ஏறி எறங்குறோம். ஒருத்தி கதவையும் நான் தட்டுனதில்ல."

அப்போதுதான் அவள் செல்வத்திடம் அக்டோபர் விஷயத்தைச் சொன்னாள். நானும் நந்தினியும் பால்கனிக்குப் போய்விட்டோம். பிறகு செல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "நீ தட்டு. நான் பின்னால நிக்கிறேன்" என்றார்.

முதல் கதவு மூன்றாவது மாடி. மேரி, பழைய குடியிருப்பில் முகம் மட்டும் பார்த்தவள், விழுப்புரத்துப் பக்கம். அவளும் ஜங்க்புராவில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். பூங்கொடி பேசி முடிப்பதற்குள் "நான் வரேன்" என்றாள். அடுத்து எதிர்க் கட்டடத்தில் இரண்டு சகோதரிகள், சதர் பஜாரில் தையல் வேலை. அவர்களும் சரி என்றார்கள். நான்கு பேர் ஆனது. ஐந்தாவது ஆளைத் தேடி ஆறு கதவுகள் தட்டினோம். ஒருத்திக்கு வேலை வேறு திசையில். ஒருத்தி வீட்டில் மாமியார் கதவைப் பாதிதான் திறந்தார். ஒருத்தி, "முன்பின் தெரியாத வண்டியில் இருட்டில் எப்படி வருவது?" என்று நியாயமாகவே கேட்டாள்.

ஏழாவது கதவு ஷப்னம். பீகார்காரி, ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு வேலை. அவளுக்குச் சம்மதம். அவள் கணவர்தான் விசாரித்தார்: வண்டிக்காரர் யார், எங்கே வீடு, நம்பர் என்ன? செல்வம் வண்டியின் பின்பக்கத்தை எடுத்த படத்தை போனில் காட்டினார். ராம்பாலுக்கே போன் போட்டு அவரிடம் கொடுத்தார். இருவரும் பேசியதில் அவர்கள் ஊர்கள் தள்ளித்தள்ளி இருந்தாலும் ஏதோ ஒரு சந்தைக்கு இருவருமே போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கணவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போகட்டும். ஆனால் ஸ்டேஷன் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால்" என்றார்.

படியிறங்கும்போது பூங்கொடி என் தோளைத் தட்டினாள். "அக்கா, எல்லாரும் என் பேரைக் கேட்டாங்க பாத்தியா?"

வியாழன், காலை 4.50. குடியிருப்பு வாசலில் ஆறு பேர் நின்றோம். அவர்கள் ஐவரும் நானும். செல்வம் வேலையில் இருந்தார். பனி இல்லை, ஆனால் மூச்சு புகையாக வந்தது. ஐந்து மணி ஆனது. வண்டி வரவில்லை. 5.05. ஷப்னம் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தையல்கார அக்கா தங்கை தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். 5.35 பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கால் மணிக்குள் நடக்க ஆரம்பிக்க வேண்டும். பூங்கொடி யாரையும் பார்க்காமல் சாலையையே பார்த்தாள். நேற்று அத்தனை கதவுகளைத் தட்டியவள் அவள். வண்டி வராவிட்டால் இனி ஒரு கதவையும் தட்ட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

5.11க்கு மூலை திரும்பி ஒற்றை விளக்கு வந்தது. ராம்பால் மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டே கத்தினார். ஒரே நிறக் கட்டடங்களில் குழம்பி, அடுத்த குடியிருப்பு வாசலில் கால் மணி நேரமாக நின்றிருக்கிறார். போன் சட்டைப் பைக்குள், சட்டைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். "ஒரு சவாரியும் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்குக் கிளம்பினேன். சரி, இந்தத் தெருவையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று வந்தேன்" என்றார்.

"பேசாதீங்க பையா, ஜல்தி, ஜல்தி!" என்று மேரி ஏறி உட்கார்ந்தாள். பின்னால் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார, நான் ராம்பால் பக்கத்தில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கிடங்குப் பக்கம் வந்தது. சொன்ன மாதிரியே விளக்கு இல்லை. எங்கள் வண்டியின் சின்ன வெளிச்சத்தில் தார் ரோடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அந்த வாட்ச்மேன் கூண்டைத் தாண்டியபோது பூங்கொடி, "இங்கதான்" என்றாள். ஷப்னத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் தன் சால்வையின் ஒரு பாதியை எடுத்து பூங்கொடியின் மேல் போட்டதை நான் திரும்பிப் பார்த்தேன்.

5.34க்கு நிலையம். சீட்டு வாங்கினோம். ஷப்னம் மிஸ்டு கால் கொடுத்தாள். 5.42க்கு வர வேண்டிய வண்டி 5.46க்கு வந்தது.

பெண்கள் பெட்டியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். சோனிபத்திலிருந்தும் பானிப்பத்திலிருந்தும் வரும் நர்சுகள், ஆசிரியைகள், கடை வேலைக்காரிகள். ஒருத்தி மடியில் துணி விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்; உரித்ததைச் சாயங்காலம் வீட்டில் சமைப்பாளாம். ஒருத்தி விரலைக் கொடுத்து எதிரில் இருப்பவளிடம் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். ரயில் ஆடும் ஆட்டத்தில் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நாங்கள் வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு நர்சம்மா, "புதுசா? எங்கே இறங்கணும்?" என்று இந்தியில் கேட்டார்.

"நிஜாமுதீன், தீதி" என்று அவரை அக்காவாக்கிப் பதில் சொன்னாள் பூங்கொடி.

"அப்படியென்றால் ஏன் நிற்கிறீர்கள்? நகருங்கம்மா, நகருங்க!" என்று மூவர் உட்கார்ந்த பலகையில் ஐவரை ஏற்றினார். பூங்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகும் வழியில் உட்கார்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

சப்ஜி மண்டி நிலையம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். பூங்கொடி எழுந்து நின்றாள். நர்சம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "தினமும் இங்கே நிற்கும். இதையும் சேர்த்துத்தான் நேரம். நான் பதினாலு வருஷமாகப் போகிறேன், உட்கார்." அவர் சொன்னபடியே எட்டாவது நிமிஷம் வண்டி கிளம்பியது. சதர் பஜாரில் அக்காவும் தங்கையும் கையசைத்து இறங்கினார்கள். புது தில்லியில் ஷப்னம். ஜன்னலில் பொழுது விடிந்துகொண்டிருந்தது.

7.01க்கு நிஜாமுதீன். மேரி தன் வழியில் போனாள். நாங்கள் நடந்தோம். பூங்கொடி ஓடவில்லை. போகல் என்ற கடைத்தெருவில் நின்று இரண்டு கட்டு வெந்தயக்கீரை வேறு வாங்கினாள், இருபது ரூபாய். மணியை அடித்தபோது 7.19.

கதவைத் திறந்த வீட்டம்மா வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றார். சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி பூங்கொடியைப் பார்த்தார். "ராத்திரி இங்கேயே எங்கேயாவது தங்கிவிட்டாயா?"

"இல்ல மேடம்ஜி. வீட்லருந்துதான் வரேன். ரயில்ல."

அடுத்த பதினைந்து நிமிஷம் நான் சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். அந்த வெந்தயக்கீரையில் நான்கு மேத்தி பராத்தா, கொஞ்சம் தயிர், மாங்காய் ஊறுகாய். 7.35க்கு டப்பா மூடியாயிற்று. பள்ளிச் சீருடையில் வந்த பெண் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, பூங்கொடியின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். வீட்டம்மா வெளியே கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "நாளைக்கும்?"

"நாளைக்கும்."

"அச்சா" என்றார். அந்த ஒரு சொல்லில் அவருக்கும் எவ்வளவு பாரம் இறங்கியது என்று முகத்தில் தெரிந்தது. கதவு சாத்தியதும் பூங்கொடி சமையலறைத் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறிப் போனேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

வெள்ளி, காலை 4.55. வாசலில் எட்டுப் பேர். "இருட்டில் எப்படி வருவது?" என்று கேட்டவள் கையில் தூக்குச்சட்டியோடு முதல் ஆளாக நின்றாள். ராம்பால் சரியான வாசலுக்கே வந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்து, யாருக்கோ போன் செய்தார். ஏழு நிமிஷத்தில் அவர் மைத்துனர் இன்னொரு வண்டியோடு வந்தார். அன்று பூங்கொடி மணியை அடித்தது 7.16க்கு. சனிக்கிழமை 7.21. சனிக்கிழமை பள்ளி இல்லையென்றாலும் அவள் விடவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் போக இரண்டேகால் மணி நேரம். வரும்போது பழைய வழிதான், ரயில் நேரம் பொருந்தவில்லை. போன இரண்டு வீடுகள் போனவைதான். இனி பத்து மணிக்கு மேல் செய்யும்படி ஒரு வீடு பார்த்துத் தருவதாக வீட்டம்மா சொல்லியிருக்கிறார், கிடைக்க வேண்டும். பனிக்காலத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் என்று நர்சம்மாவும் எச்சரித்தார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பூங்கொடியே சித்திக்குப் போன் போட்டாள். "நான் வரலம்மா. நந்தினிக்குப் பரீட்சை இருக்குது. எனக்கு இங்க வேலை இருக்குது." சித்தி என்னிடம் கொடுக்கச் சொன்னார். "நீ என்னடி சொல்ற?" என்றார். "நான் பாத்துட்டேன் சித்தி. இருக்கட்டும்" என்றேன். அழைத்து வரப் போனவள் வெறுங்கையோடு திரும்புகிறாள் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்குத் துளியும் இல்லை.

ஞாயிறு, காலை 7.30. என் ரயில் பகல் பதினொன்றுக்கு, நிஜாமுதீனிலிருந்து. குளித்துப் பையைக் கட்டிவிட்டேன். பூங்கொடிக்கு லீவு நாள்; சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நந்தினி எழுப்பப் போனாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்த செல்வம் பையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார். ராம்பாலின் வண்டிதான். முப்பது ரூபாயை நீட்டினேன். வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஆத்தூரில் என் வீட்டுக்கும் கடைக்கும் பதினோரு நிமிஷ நடை. அதற்கே வாரத்துக்கு இரண்டு நாள் தாமதமாகப் போய், முதலாளியிடம் ஏதாவது சாக்கு சொல்கிறவள் நான். எங்கள் ஊரிலும் இப்போது ஏரிக்கு அந்தப் பக்கமெல்லாம் வீட்டுமனை போட்டுவிட்டார்கள். டவுன் பஸ் அங்கே போவதில்லை. அங்கிருந்து எங்கள் கடைக்கு வரும் ஒரு பெண் எப்போதும் பத்து நிமிஷம் பிந்தித்தான் வருகிறாள். எப்படி வருகிறாய் என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. ஊருக்குப் போனதும் கேட்க வேண்டும்.

நிஜாமுதீன் நடைமேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது இருபது. போன் அடித்தது.

"ஏக்கா எழுப்பல? சொல்லாமக் கொள்ளாமப் போவியா நீ?" சண்டைதான் போட்டாள். குரல் இன்னும் தூக்கத்தில் தடித்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே கோபம் மறந்துவிட்டது.

"அக்கா, இப்பத்தான் எழுந்தேன். மணி பாத்தியா? ஒன்பதே கால்க்கா! ஒன்பதே கால் வரைக்கும் தூங்கியிருக்கேன்!"